லைசென்ஸ் எடுத்த பெண்கள்: 1982-இல் அமெரிக்கத் துப்பறியும் நாவலில் என்ன மாறியது?

பெண் துப்பறிவாளர் வருகிற நாவல்கள் என்று யாராவது பட்டியல் போட்டால் அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள், சிறுவர் நாவல்களின் நான்சி ட்ரூ, சூ கிராஃப்டனின் கின்ஸி மில்ஹோன், சாரா பாரெட்ஸ்கியின் வி.ஐ. வார்ஷாவ்ஸ்கி எல்லாரும் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள். புதிதாகப் படிக்கப் போகிறவருக்குக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. கிராமத்து வீட்டில் கம்பளி நூல் பின்னிக்கொண்டே கொலைகாரரைக் கண்டுபிடிக்கும் பாட்டியும், சிகாகோ துறைமுகத்தில் தனியாக அலைந்து அடிவாங்கித் திரும்பும் முன்னாள் வக்கீலும் எப்படி ஒரே வகை ஆவார்கள்? இரண்டாமவர் தனி வகை. அதற்குத் தனி வரலாறு இருக்கிறது, அது ஏன் 1970-களின் கடைசி வரை வரவில்லை என்பதற்கும் காரணங்கள் இருக்கின்றன.

இங்கே நான் பேசப் போவது அந்த இரண்டாவது வகையைத்தான். கட்டணம் வாங்கிக்கொண்டு துப்பறிவதைத் தொழிலாகச் செய்பவள், சொந்தமாக ஆபீஸ் வைத்திருப்பவள், ஆபத்தான இடத்துக்குத் தானே போகிறவள். ஆண் கதாநாயகனுக்குப் பெண் பெயர் வைத்ததுதான் இந்த நாவல்கள் என்று இன்னமும் எழுதுகிறார்கள். அது தவறு. பெண்ணை நடுவில் வைத்ததுமே அந்த நாவலின் உள்கட்டுமானம் பல இடங்களில் வேறு மாதிரி ஆக வேண்டி வந்தது. இன்னொன்று, இவளுடைய உறுதி முதலில் வருவது சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து. துப்பாக்கியெல்லாம் அப்புறம்தான்.

முதலில் மூன்று வகைகளைப் பிரித்துக்கொள்வோம்

1. தொழில்முறையல்லாத துப்பறிவாளர். மிஸ் மார்ப்பிளும் நான்சி ட்ரூவும் இந்த வகை. இரண்டு பேருமே நாவலுக்குள் வந்தது 1930-இல். யாரும் இவர்களுக்குப் பணம் தருவதில்லை, வழக்கு தானாக வாசலுக்கு வருகிறது, தீர்ந்ததும் ஊர் பழைய ஒழுங்குக்குத் திரும்பிவிடுகிறது.

2. போலீஸ் அதிகாரி. பின்னால் ஒரு துறை, சக ஊழியர்கள், கைதுசெய்யும் அதிகாரம் எல்லாம் உண்டு.

3. தனியார் துப்பறிவாளர். அரசு கொடுத்த லைசென்ஸ் இருக்கும், அதிகாரம் இருக்காது. சாதாரணக் குடிமகனுக்கு மேல் கைதுசெய்யும் உரிமை கிடையாது. வழக்கு தீர்ந்தாலும் தீராவிட்டாலும் மாத வாடகை கட்டியாக வேண்டும்.

இந்த மூன்றாவது வகையின் நிஜ வேலையைப் புரிந்துகொண்டால் நாவல்கள் பாதி புரிந்துவிடும். அமெரிக்காவில் தனியார் துப்பறிவாளரின் அன்றாடம் என்பது பெரும்பாலும் இன்சூரன்ஸ் மோசடி விசாரணை, காணாமல் போனவரைத் தேடுவது, வேலைக்கு வருகிறவரின் பின்னணியைச் சரிபார்ப்பது, கோர்ட் சம்மனை ஆளிடம் நேரில் சேர்ப்பது, இவைதான். கலிபோர்னியாவில் லைசென்ஸ் வாங்க 3 வருடம், அதாவது 6,000 மணி நேரம், சம்பளத்துக்குச் செய்த விசாரணை அனுபவத்தைக் காட்ட வேண்டும். வக்கீலிடம் சொன்ன ரகசியத்துக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு, துப்பறிவாளரிடம் நேரடியாகச் சொன்னதற்குப் பொதுவாகக் கிடையாது, அவர் ஒரு வக்கீலுக்காக வேலை செய்தால்தான் அந்தக் குடைக்குள் வருவார். போலீஸ்காரர் ‘உன் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவேன்’ என்று மிரட்டும் காட்சி இந்த நாவல்களில் அடிக்கடி வருவது சும்மா இல்லை, லைசென்ஸ் போனால் பிழைப்பு போயிற்று.

பழைய நாவலின் விதிகள்

ஹார்ட்பாய்ல்ட் என்று சொல்லப்படும் வகை 1920-களில் அமெரிக்க மலிவு விலைப் பத்திரிகைகளில், குறிப்பாக 1920-இல் தொடங்கிய ‘பிளாக் மாஸ்க்’ பத்திரிகையில் உருவானது. அதில் எழுதிய டாஷியல் ஹாமெட், பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் உண்மையிலேயே வேலை பார்த்தவர். அவருடைய சாம் ஸ்பேட் 1930-இல் நூலாக வந்தான், ரேமண்ட் சாண்ட்லரின் பிலிப் மார்லோ 1939-இல், ராஸ் மெக்டொனால்டின் லூ ஆர்ச்சர் 1949-இல்.

இவற்றின் பொது அம்சங்களைச் சுருக்கினால்: பெருநகரம், விலைபோன போலீஸும் அரசியலும், தனி ஆளாக நிற்கும் நாயகன், பெரும்பாலும் அவனே சொல்லும் கதை, வறண்ட கூர்மையான பேச்சு. சாண்ட்லர் 1944-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அந்த நாயகனை வரையறுக்கும்போது ‘ஒரு ஆண்’ என்றுதான் பேசுகிறது. கெட்டுப்போன தெருக்களில் நடந்தும் கெட்டுப்போகாத ஆண்.

பெண்ணுக்கு இந்த அமைப்பில் சில இடங்கள்தான் இருந்தன. பொய் சொல்லும் கிளையன்ட், மயக்கிக் கவிழ்க்கும் அழகி, விசுவாசமான செக்ரட்டரி, இல்லாவிட்டால் பிணம். அழகியே குற்றவாளியாக இருந்து, நாயகன் ஆசையை அடக்கிக்கொண்டு அவளைப் போலீஸிடம் ஒப்படைக்கிற முடிவு இந்த வகையின் அடித்தளத்தில் ஒன்று. சபலத்துக்கு ஆளாகாமல் இருப்பதுதான் அவனுடைய ஒழுக்கத்துக்கு அத்தாட்சி. ஆகவே அந்த ஒழுக்கம் வாசகருக்குத் தெரிய வேண்டுமானால் ஒரு கெட்ட பெண் தேவைப்பட்டாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 1982-இல் முதலில் நொறுங்கியது இதுதான்.

நிஜத்தில் பெண்கள் இல்லையா?

இருந்தார்கள். 1856-இல் கேட் வார்ன் பிங்கர்டன் நிறுவனத்தில் துப்பறிவாளராகச் சேர்ந்தார். பதவியேற்கப் போய்க்கொண்டிருந்த ஆபிரகாம் லிங்கனை பால்டிமோரில் கொல்லத் திட்டம் இருந்ததாக 1861-இல் தகவல் வந்தபோது, அவரைப் பாதுகாப்பாக வாஷிங்டன் கொண்டுசேர்த்த குழுவில் இவரும் இருந்தார். கதைகளிலும் பஞ்சமில்லை, லண்டனில் 1864-லேயே பெண் துப்பறிவாளரை வைத்து இரண்டு நூல்கள் வந்துவிட்டன.

அப்படியானால் ஏன் 100 வருடத் தாமதம்? தடையாக இருந்தது கற்பனைப் பஞ்சம் இல்லை, நம்பகத்தன்மை. ஹார்ட்பாய்ல்ட் நாவல் யதார்த்தத்தின் பெயரால் நிற்கும் வகை. நாயகனுக்குத் தொழில் அனுபவம், சொந்த ஆபீஸ், தனி வீடு, இரவில் தெருவில் நடக்கும் சுதந்திரம் எல்லாம் வேண்டும். ஒரு பெண்ணுக்கு இவை எல்லாம் ஒன்றாக இருப்பதாக எழுதினால், 1950-இல் வாசகர் ‘இவளுக்கு இதெல்லாம் எப்படி வந்தது’ என்று கேட்டிருப்பார். 1957-இல் ஒரு கணவன்-மனைவி ஜோடி எழுதிய ஹனி வெஸ்ட் அப்படிப்பட்ட தனியார் துப்பறிவாளர்தான், ஆனால் அந்தக் கதைகளின் கண் அவள் வேலையைவிட அவள் உடம்பின் மேல்தான் அதிகம் இருந்தது.

1972-இல் பிரிட்டனின் பி.டி. ஜேம்ஸ் ஒரு பெரிய அடி எடுத்துவைத்தார். அவருடைய கோர்டீலியா கிரேக்கு 22 வயது. கூட்டாளி தற்கொலை செய்துகொண்டதால், ஓடாத ஒரு துப்பறியும் நிறுவனம் அவள் கைக்கு வருகிறது. நாவலின் தலைப்பே ‘பெண்ணுக்குப் பொருந்தாத வேலை’ என்ற அர்த்தத்தில் இருக்கும், கதை முழுக்க ஆளாளுக்கு அவளிடம் அதையே சொல்வார்கள். கோர்டீலியா புத்திசாலி, துணிச்சல்காரி. இருந்தாலும் அந்த நிறுவனம் ஓர் ஆணிடமிருந்து அவளுக்கு வந்து சேர்ந்தது. அவளே தொடங்கியது இல்லை.

1970-களில் சட்டம் செய்த வேலை

இலக்கிய வரலாற்றாளர்கள் இந்தப் பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். எனக்கு இதுதான் அடிப்படை என்று படுகிறது, ஏனென்றால் கீழே உள்ள ஒவ்வொன்றும் அந்த நாவல்களில் ஏதோ ஒரு பாத்திரத்தின் வாழ்க்கைக் குறிப்பில் அப்படியே வந்து உட்கார்கிறது.

1. போலீஸ் வேலை. 1968-இல் இண்டியானாபொலிஸ் நகரம் இரண்டு பெண் போலீஸாரை ரோந்து காரில் அனுப்பியது, அமெரிக்காவில் அது முன்னோடி நடவடிக்கை. 1964-இன் சிவில் உரிமைச் சட்டம் தனியார் முதலாளிகள் பாலினப் பாகுபாடு காட்டுவதைத் தடுத்திருந்தது. 1972-இல் அது மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கும் விரிந்தபோது போலீஸ் துறைகளும் அதற்குள் வந்தன. கின்ஸி மில்ஹோன் சில காலம் போலீஸில் இருந்துவிட்டு வெளியே வந்தவள் என்று 1982-இல் எழுத முடிந்ததற்கு இது வேண்டியிருந்தது.

2. சட்டக் கல்வி. கூட்டாட்சி அரசின் நிதி வாங்கும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டை 1972-இன் கல்விச் சட்டத் திருத்தம் தடுத்தது. சட்டக் கல்லூரிகளில் பெண்கள் எண்ணிக்கை கூடிய காலத்தின் ஆள்தான் வி.ஐ. வார்ஷாவ்ஸ்கி, வசதியில்லாதவர்களுக்கு அரசு அமர்த்தும் வக்கீலாக வேலை பார்த்தவள்.

3. கடன். பாலினத்தையோ மணநிலையையோ காட்டிக் கடன் மறுக்கக் கூடாது என்று 1974-இல் சட்டம் வந்தது. அதற்கு முன் மணமாகாத பெண்ணோ விவாகரத்தான பெண்ணோ தன் பெயரில் கிரெடிட் கார்டு வாங்கவே தடுமாறினார்கள். கடன் கிடைக்காத ஒருவர் எப்படி ஆபீஸ் திறப்பார்?

4. விவாகரத்து. இது நேரடியாகத் துப்பறிவாளரின் வருமானத்தைத் தொட்டது. நியூயார்க்கில் 1966-இல் சட்டம் திருத்தப்படும் வரை, தகாத உறவை நிரூபிப்பதுதான் விவாகரத்துக்கான ஒரே காரணமாக இருந்தது. ஹோட்டல் அறை வாசலில் கேமராவோடு நிற்கும் துப்பறிவாளர்களின் பிழைப்பே அதுதான். 1970 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் யார் மேலும் குற்றம் நிரூபிக்காமல் விவாகரத்து பெறலாம் என்று ஆனது. படுக்கையறை வேவு வேலை குறைந்தது, இன்சூரன்ஸ் கோப்புகளும் கம்பெனிக் கணக்குகளும் முக்கியமாயின. 1980-களின் பெண் துப்பறிவாளர்கள் ஆவணம் ஆவணமாகப் புரட்டிக்கொண்டிருப்பது அந்தக் காலத்தின் தொழில் நிலவரத்தை ஒட்டியது.

மூன்று எழுத்தாளர்கள்

மார்ஷியா முல்லர் 1977-இல் ‘எட்வின் ஆஃப் தி அயர்ன் ஷூஸ்’ நாவலை வெளியிட்டார். சான் ஃபிரான்சிஸ்கோவில் பழம்பொருள் கடை நடத்தும் பெண் ஒருவர் கொலை, விசாரிப்பவள் ஷேரன் மெக்கோன். அவள் வேலை பார்ப்பது ஆல் சோல்ஸ் என்ற சட்ட உதவிக் கூட்டுறவு அமைப்பில். அமெரிக்காவின் முதல் நவீன ஹார்ட்பாய்ல்ட் பெண் துப்பறிவாளர் என்ற இடத்தை இவளுக்குத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் இரண்டாவது மெக்கோன் நாவல் வர 5 வருடம் ஆனது.

அந்த ஐந்தாவது வருடம் 1982. அதே ஆண்டில் சாரா பாரெட்ஸ்கியின் ‘இண்டெம்னிட்டி ஒன்லி’யும் சூ கிராஃப்டனின் ‘ஏ இஸ் ஃபார் அலிபை’யும் வந்தன. ஒருவர் சிகாகோ, இன்னொருவர் கலிபோர்னியா.

பாரெட்ஸ்கி கான்சாஸில் வளர்ந்தவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கியவர், இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். முதல் நாவலின் மோசடியே இன்சூரன்ஸையும் தொழிற்சங்கத்தையும் சுற்றி ஓடுவதில் ஆச்சரியமில்லை. அவருடைய விக்டோரியா இஃபிஜீனியா வார்ஷாவ்ஸ்கி போலந்து வம்சாவளிப் போலீஸ்காரருக்கும், இத்தாலியிலிருந்து அகதியாக வந்த பாடகிக்கும் பிறந்தவள். தன் பெயரை வி.ஐ. என்று சுருக்கியே போடுவாள். ஆபீஸுக்கு வரும் முதல் கிளையன்ட் உள்ளே இருப்பது பெண் என்று தெரிந்ததும் தயங்குகிறார், இவள் தன் கட்டணத்தைச் சொல்லிவிட்டு வேலைக்கு வருகிறாள்.

கிராஃப்டன் டிவிக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தவர். கசப்பான விவாகரத்து வழக்கில் மாட்டிக்கொண்டிருந்தபோது முன்னாள் கணவரைக் கொல்வது எப்படி என்று மனதுக்குள் கற்பனை செய்ததாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கற்பனையில் வந்த விஷம் அரளி. அது அப்படியே முதல் நாவலுக்குள் போனது: விவாகரத்து வக்கீல் ஒருவரின் அலர்ஜி மாத்திரைக்குள் அரைத்த அரளி, கொலைப்பழியில் 8 வருடம் சிறையில் இருந்த அவர் மனைவி வெளியே வந்து, உண்மையில் கொன்றது யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லி கின்ஸியை அமர்த்துகிறார். நம் ஊரில் அரளி என்றாலே எல்லாருக்கும் விஷயம் விளங்கும். கலிபோர்னியாவிலும் அது சாலையோரச் செடிதான்.

கின்ஸியின் ஊரான சாண்டா தெரசா, சாண்டா பார்பராவுக்குக் கொடுத்த மாற்றுப்பெயர். அந்தப் பெயரை முதலில் பயன்படுத்தியவர் ராஸ் மெக்டொனால்ட், அவருக்கு மரியாதையாக கிராஃப்டன் அதை எடுத்துக்கொண்டார். முன்னோர்களைத் தூக்கியெறியும் நோக்கம் இவர்களுக்கு இருக்கவில்லை என்பதற்கு இது நல்ல சான்று. வீட்டை இடிக்காமல் உள்ளே குடியேறி, சுவர்களை நகர்த்தினார்கள்.

எந்தெந்தச் சுவர் நகர்ந்தது

1. கெட்ட அழகி காணாமல் போனாள். கதைசொல்லியே பெண் என்றால் மயக்கும் பெண் வழியாக ஒழுக்கத்தை நிரூபிக்க முடியாது. அந்த இடத்துக்கு வேறு பகை வேண்டும். பாரெட்ஸ்கி அதற்கு நிறுவனங்களைக் கொண்டுவந்தார். 1984-இல் பெரிய ஏரிகளின் கப்பல் போக்குவரத்து, 1985-இல் போலிப் பங்குப் பத்திரங்களும் மடாலயமும், 1987-இல் லாபத்துக்கு நடக்கும் ஆஸ்பத்திரி, 1988-இல் தொழிலாளிகளின் உடம்பில் விஷம் ஏற்றிய ரசாயன ஆலை. குற்றவாளி யார் என்ற கேள்வியோடு, இதனால் யாருக்கு லாபம் என்ற கேள்வியும் நாவலின் மையத்துக்கு வந்தது. ஹாமெட்டிலும் இந்தக் கேள்வி உண்டு, ஆனால் வி.ஐ. நாவல்களில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பக்கம் பக்கமாகக் காட்டுகிறார்கள்.

2. தனிமை மாறியது. மார்லோவுக்கு யாரும் இல்லை, சதுரங்கப் பலகையும் விஸ்கியும்தான். இந்தப் பெண்களுக்கும் கணவன், குழந்தை கிடையாது. கின்ஸி 32 வயதில் இரண்டு முறை விவாகரத்தானவள், 5 வயதில் பெற்றோரைக் கார் விபத்தில் இழந்து அத்தையிடம் வளர்ந்தவள். ஆனாலும் சுற்றிலும் தானே தேர்ந்தெடுத்துக்கொண்ட ஒரு குடும்பம் இருக்கிறது: வீட்டுக்காரரான 80 வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற பேக்கரிக்காரர் ஹென்றி, தெருமுனையில் ஹங்கேரிச் சாப்பாடு போடும் ரோஸி. வி.ஐ.க்கு வியன்னாவிலிருந்து தப்பி வந்த டாக்டர் லாட்டி, கீழ்வீட்டு மிஸ்டர் கான்ட்ரேரஸ், இரண்டு நாய்கள். இவர்கள் வெறும் அலங்காரம் இல்லை. வி.ஐ. தன் நண்பர்களையும் ஆபத்தில் இழுத்துவிடுகிறாள், அதற்காக லாட்டி அவளோடு உண்மையாகவே சண்டை போடுகிறாள், அந்த விரிசல் அடுத்த நாவலிலும் ஆறாமல் இருக்கும். தன் துணிச்சலுக்கு மற்றவர்கள் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை மார்லோ இந்த அளவுக்குச் சந்திக்க வேண்டி வரவில்லை.

3. வலிக்கு நினைவு வந்தது. பழைய நாவலில் நாயகன் பின்மண்டையில் அடிவாங்கி விழுவான், அடுத்த அத்தியாயத்தில் எழுந்து ஒரு பெக் அடித்துவிட்டு வேலைக்குப் போவான். கின்ஸியின் முதல் நாவல் தொடங்கும் விதமே வேறு. தன் பெயர், வயது, லைசென்ஸ் விவரம் சொன்ன கையோடு, முந்தாநாள் ஒருவரைக் கொன்றதாகவும் அது மனதை அழுத்துவதாகவும் சொல்கிறாள். 1988 நாவலில் வி.ஐ.யைத் தூக்கிப்போய் தெற்கு சிகாகோவின் சதுப்பில் சாகட்டும் என்று போட்டுவிடுகிறார்கள். அவள் உயிர் பிழைத்ததோடு அந்த விஷயம் முடிந்துவிடுவதில்லை, உடம்பு வலியோடும் பயத்தோடும் பல அத்தியாயங்கள் அவள் நடமாட வேண்டியிருக்கிறது. பயப்படுகிறேன் என்று கதைசொல்லி ஒப்புக்கொண்டுவிட்டு, அப்புறம் அந்தக் கதவைத் திறப்பது எனக்குச் சாண்ட்லரைவிட அதிகப் பதற்றத்தைத் தருகிறது.

4. வீட்டுவேலை, சாப்பாடு, துணி, காசு எல்லாம் கதைக்குள் வந்தன. கின்ஸி நகவெட்டும் கத்தரியால் தன் முடியைத் தானே வெட்டிக்கொள்வாள். விசேஷங்களுக்கு ஒரே ஒரு கறுப்பு உடை. கடலை வெண்ணெயும் ஊறுகாயும் வைத்த சாண்ட்விச். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விசாரணை செய்து கொடுப்பதால் வாடகையில்லாமல் ஆபீஸ் அறை. நாவல்களை வழக்கமாக ஒரு பின்னுரையோடு முடித்து, அலுவலகக் கடிதம் போல ‘மரியாதையுடன் சமர்ப்பிக்கிறேன்’ என்று கையெழுத்துப் போடுவாள், முழு நாவலுமே கிளையன்டுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கை என்ற தோற்றம் வரும். ஒரு பெண் தன் வேலையைத் தானே பதிவுசெய்து தானே கையெழுத்திடுகிறாள், இந்த ஒரு உத்திக்காகவே கிராஃப்டன் மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது.

ஆண் வேஷமா?

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது மேலோட்டமானது இல்லை. கேத்லீன் கிரெகரி க்ளைன் என்ற ஆய்வாளர் 1988-இல் பெண் துப்பறிவாளர் பற்றி எழுதிய நூலில், இந்த நாவல் வகையின் அமைப்பே பழைய ஒழுங்கைக் காப்பாற்றுவது, அதற்குள் பெண்ணிய நாயகியை வைத்தால் ஒன்று அவள் துப்பறிவாளராகத் தோற்பாள் அல்லது பெண்ணாகத் தோற்பாள் என்று வாதிட்டார். சட்டத்தின் பக்கம் நிற்கிற வேலை, குற்றவாளியை ஒப்படைத்ததும் முடிகிற கதை, இதில் எங்கே மாற்றம் என்ற கேள்வி.

நியாயமான கேள்வி. ஆனால் வி.ஐ. நாவல்களின் முடிவுகளைக் கவனித்தால் ஒழுங்கு முழுசாகத் திரும்புவதே இல்லை. மேல் மட்டத்து ஆட்கள் பலர் தப்பிவிடுகிறார்கள், விஷம் ஏறிய உடம்புகள் குணமாவதில்லை, வி.ஐ.க்குக் கட்டணம்கூட பல சமயம் வருவதில்லை. க்ளைன் சொன்ன சிக்கல் எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுவது இவர்களைப் பார்த்து எழுதப்பட்ட, பெயர் சொல்லத் தேவையில்லாத நூற்றுக்கணக்கான நகல் நாவல்களுக்கு. அவற்றில் தோல் ஜாக்கெட்டும் எடுத்தெறிந்த பேச்சும் இருக்கும், வாடகை கட்டும் கவலை இருக்காது.

இன்னொரு குறை உண்மையானது. 1982-இன் அலை பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்களின் அலை. கனடாவில் ஈவ் ஸரெம்பா 1978-லேயே தன்பாலீர்ப்புள்ள தனியார் துப்பறிவாளரான ஹெலன் கெரிமோஸை எழுதிவிட்டார், பரவலான கவனம் கிடைக்கவில்லை. கறுப்பினப் பெண் துப்பறிவாளரான டமாரா ஹேய்ல், வலெரி வில்சன் வெஸ்லியின் எழுத்தில் வந்தது 1994-இல். நியூவார்க்கில் டீன்ஏஜ் மகனைத் தனியாக வளர்க்கும் முன்னாள் போலீஸ்காரி அவள். போலீஸ் என்ற அமைப்பு கறுப்பினப் பையனின் அம்மாவுக்கு என்னவாகத் தெரியும் என்பதை வி.ஐ. நாவல்களால் உள்ளிருந்து சொல்லியிருக்க முடியாது.

விற்பனையும் மதிப்புரையும்

நாவல் எழுதினால் போதாது, யார் மதிப்புரை எழுதுகிறார்கள், நூலகங்கள் எதை வாங்குகின்றன என்பதும் இருக்கிறது. குற்றக் கதைகளில் பெண்கள் மேல் காட்டப்படும் வன்முறை பெருகிவருவதைப் பற்றி 1986-இல் ஒரு மாநாட்டில் பாரெட்ஸ்கி பேசினார். அதே வருடம் பால்டிமோரில் நடந்த பவுச்சர்கான் என்ற குற்றக் கதை மாநாட்டில் பெண் எழுத்தாளர்களை ஒன்றாகக் கூட்டினார். அப்படி உருவானது ‘சிஸ்டர்ஸ் இன் கிரைம்’ அமைப்பு. அவர்கள் ஆரம்பத்திலேயே கையில் எடுத்த வேலைகளில் ஒன்று, பத்திரிகைகளில் பெண்கள் எழுதிய மர்ம நாவல்களுக்கு எத்தனை மதிப்புரை, ஆண்கள் எழுதியவற்றுக்கு எத்தனை என்று எண்ணிப் பட்டியல் போட்டது. துப்பறியும் எழுத்தாளர்கள் தங்கள் துறையையே துப்பறிந்தார்கள். பெண்களின் நூல்கள் வெளிவரும் அளவுக்கு அவற்றுக்கு மதிப்புரை கிடைக்கவில்லை என்பது எண்ணிக்கையாகத் தெரிந்த பிறகுதான் ஆசிரியர்களிடம் பேச முடிந்தது.

இஸட் ஏன் இல்லை?

பலரும் கேட்கும் கேள்வி இது. கிராஃப்டனின் தொடர் ஆங்கில எழுத்து வரிசையில் போகும். 25-ஆவது நாவல் ‘ஒய் இஸ் ஃபார் யெஸ்டர்டே’ 2017-இல் வந்தது, அதே ஆண்டு டிசம்பர் 28-இல் கிராஃப்டன் காலமானார். கடைசி நாவலுக்குத் தலைப்பு யோசித்து வைத்திருந்தார், எழுதத் தொடங்கவில்லை. வேறொருவரை வைத்து எழுதி முடிக்க அவருக்குச் சம்மதமில்லை என்பதால், தங்களைப் பொறுத்தவரை எழுத்து வரிசை இனி ஒய்-யோடு முடிகிறது என்று மகள் அறிவித்தார்.

காலக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். நாவல்கள் 35 வருடம் வந்தன, கின்ஸிக்கு நகர்ந்தது சுமார் 7 வருடம்தான். 1982-இல் தொடங்கியவள் கடைசி நூலில் 1989-இல் இருக்கிறாள். செல்போன் இல்லை, இன்டர்நெட் இல்லை. நகராட்சி ஆபீஸில் நிலப் பதிவேடு பார்ப்பாள், நூலகத்தில் மைக்ரோபிலிம் சுழற்றுவாள், குறிப்பு அட்டைகளில் எழுதி அடுக்குவாள். வி.ஐ. இதற்கு நேரெதிர். அவள் எழுதப்படும் காலத்திலேயே வாழ்கிறவள், தனியார் சிறை, உளவுச் சட்டம் என்று அந்தந்தக் காலத்து விவகாரங்களோடு மோதுகிறவள், 2024-லும் அவளை வைத்து ஒரு நாவல் வந்தது.

திரையில் இவர்கள் அவ்வளவாகப் பிழைக்கவில்லை. 1991-இல் கேத்லீன் டர்னர் நடித்த வி.ஐ. படம் ஓடவில்லை. கிராஃப்டன் உயிரோடிருந்தவரை கின்ஸியின் பட உரிமையை விற்க மறுத்தார், தான் இறந்த பிறகு பிள்ளைகள் விற்றால் பேயாக வந்து பிடிப்பேன் என்றுகூட சொல்லியிருந்தார். பல வருடம் ஹாலிவுட்டுக்கு வேலை செய்தவரின் முடிவு அது. 2021-இல் குடும்பம் டிவித் தொடருக்கு உரிமை கொடுத்தபோது வாசகர்களிடையே வருத்தம் எழுந்தது இதனால்தான். பி.டி. ஜேம்ஸின் அனுபவமும் சேர்த்துப் பார்க்கத்தக்கது: 1990-களில் டிவித் தொடர் கோர்டீலியாவின் வாழ்க்கையை அவருக்குப் பிடிக்காத திசையில் மாற்றிய பிறகு அவர் அவளை விட்டே விலகிவிட்டார்.

எங்கே தொடங்கலாம்

நம் மாத நாவல் வாசகர்களுக்குப் பரத்–சுசீலாவும் நரேந்திரன்–வைஜெயந்தியும் பழக்கம். அவற்றில் பெண்கள் ஜோடியில் ஒருவராக வருகிறார்கள். ஆபீஸ், கட்டணம், ஆபத்து, கதைசொல்லும் குரல் எல்லாமே ஒரே பெண்ணின் கையில் இருந்தால் எப்படியிருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் இப்படிப் போகலாம்:

1. வேகமான வாசிப்புக்கு ‘ஏ இஸ் ஃபார் அலிபை’. பிடித்திருந்தால் 1985-இல் வந்த ‘பி இஸ் ஃபார் பர்க்ளர்’, தனியார் துப்பறிவாளர் நாவல்களுக்கான ஷேமஸ் விருது வாங்கியது.

2. நகரமும் அரசியலும் வேண்டுமானால் பாரெட்ஸ்கியின் 1988 நாவல் ‘பிளட் ஷாட்’. பிரிட்டிஷ் பதிப்பில் ‘டாக்ஸிக் ஷாக்’ என்று பெயர், இரண்டையும் வாங்கிவிடாதீர்கள், ஒரே நாவல்தான். முதல் நாவலிலிருந்து வரிசையாகப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

3. அமெரிக்காவுக்கு வெளியே என்றால் லண்டனின் லைசா கோடி 1980-இல் எழுதிய ‘டூப்’, மான்செஸ்டரை வைத்து வால் மெக்டெர்மிட் 1992-இல் தொடங்கிய கேட் பிரானிகன் தொடர். ஜப்பானின் நட்சுவோ கிரினோவும் 1993-இல் எடோகவா ராம்போ பரிசு வாங்கியது முரானோ மிரோ என்ற பெண் நாயகியாக வரும் நாவலுக்குத்தான்.

4. மெக்கோனை முதல் நூலிலிருந்து படிப்பது நல்லது. 1977 நாவல் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், முல்லர் தன் குரலைத் தேடிக்கொண்டிருப்பது தெரியும். முன்மாதிரி எதுவும் கையில் இல்லாமல் எழுதிய நூல் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் அந்தத் தேடலே சுவாரசியமாக இருக்கும்.